போலோ ஜிடி டிஎஸ்ஐ: ரீமேப் முடிந்தது, அடுத்து பெரிய பிரேக் போடலாமா? (ராம்நாடு ஓட்டம்)

உச்சிப்புளி_டர்போ:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி போலோ ஜிடி டிஎஸ்ஐ, பழைய 1.2 லிட்டர், ஏழு கியர் டிஎஸ்ஜி (ஆட்டோமேட்டிக்). கோயம்புத்தூர்க்காரர் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கம்பெனி கணக்குப்படி 105 பிஎஸ், 175 என்எம். சமீபத்தில் அதன் மேல் ஸ்டேஜ் 1 ரீமேப், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றிப் பவர் கூட்டும் முதல்படி வேலை, போட்டாயிற்று. 130 தாண்டும் என்கிறார் டியூனர். பவர் அளக்கும் டைனோவில் ஏற்றிப் பார்க்கவில்லை, ஆனால் மிதித்தால் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது.

என் கவலை நிறுத்துவதைப் பற்றி. வீடு உச்சிப்புளி, வேலை ராமநாதபுரம் டவுனில், ஞாயிற்றுக்கிழமை ஆனால் தனுஷ்கோடி அல்லது கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வழியாகத் தூத்துக்குடி வரை ஒரு ஓட்டம். அந்த ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பற்றித் தெரியும்தானே, ரோடு நூல் பிடித்த மாதிரி போகும், இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம், அதற்குள் இருந்து எப்போது ஆடு வரும் எப்போது மயில் வரும் என்று யாருக்கும் தெரியாது. ஏர்வாடி தாண்டி ஒருநாள் ஆட்டுக்கூட்டம் குறுக்கே வந்தது, நின்றுவிட்டேன், ஆனால் பெடல் நான் நினைத்ததைவிட ஆழமாக இறங்கியது, மனதுக்குத் திருப்தியாக இல்லை. 100க்கு மேல் இருந்து பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங்கில் லேசாக ஒரு நடுக்கம். காலையில் வண்டியை எடுத்தவுடன் கரகரவென்று ஒரு சத்தம், இரண்டு முறை பிரேக் பிடித்ததும் போய்விடும்.

விசாரித்ததில் மூன்று யோசனை வந்திருக்கிறது. முன்னால் நான்கு பிஸ்டன் காலிப்பர் (பேடு எனும் உராய்வுக் கட்டையை டிஸ்க்கில் அழுத்தும் கவ்வி), பெரிய டிஸ்க், அதற்காக 17 இன்ச் அலாய். இல்லாவிட்டால் பின்னால் உள்ள டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் போடுவது. இல்லாவிட்டால் இருக்கிற அளவிலேயே ஓட்டை போட்ட டிஸ்க்கும் நல்ல பேடும். கையில் 70 ஆயிரம் வரை இருக்கிறது, கொஞ்சம் முன்னப்பின்ன ஆனாலும் பரவாயில்லை. எதில் போடலாம்? பவர் கூடினால் பிரேக்கையும் கூட்ட வேண்டும் என்பதுதானே கணக்கு?


கீழக்கரை_ஹாட்ஹேட்ச்:

மச்சான், யோசிக்கவே வேண்டாம், நான்கு பிஸ்டன் போடு. துபாயில் இருந்தபோது பெரிய பிரேக் போட்ட ஹாட் ஹேட்ச் (பவர் கூடிய சின்னக் கார்) ஓட்டியிருக்கிறேன், காலை வைத்தவுடன் பிடிக்கும் அந்தப் பிடி வேறு. பின்னால் டிஸ்க்கும் போட்டுவிடு. நம் ஊரில் வந்த ஹாட் ஹேட்ச்களைப் பார், அபார்த் புண்டோவில் நாலு பக்கமும் டிஸ்க், பெலினோ ஆர்எஸ்ஸில் நாலு பக்கமும் டிஸ்க், ஐ20 என் லைனிலும் அப்படித்தான். கம்பெனிக்காரன் சும்மாவா போடுகிறான்? அதோடு சிவப்புக் காலிப்பர் 17 இன்ச் அலாய்க்குள் தெரிந்தால் பார்க்கிற அழகே தனி, அதையும் சொல்லிவிட வேண்டும்.


பாரதிநகர்_பட்டறை:

தம்பி உச்சிப்புளி, பணத்தை எடுத்து வெளியே வைப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். ஆள் இல்லாத, காய்ந்த, மணல் இல்லாத ரோடாகப் பார்த்து, பின்னால் வண்டி எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, 60இல் போய் முழு பலத்தோடு ஒரே மிதியாக மிதியுங்கள். காலுக்கடியில் கடகடவென்று ஏபிஎஸ் (சக்கரம் பூட்டாமல் காக்கும் அமைப்பு) அடிக்கிறதா? அடித்தால், இருக்கிற பிரேக்குக்கே சக்கரத்தைப் பூட்டும் அளவு பலம் இருக்கிறது, அதற்கு மேல் பிடிக்க டயருக்குத்தான் தெம்பில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் நான்கு பிஸ்டன் இல்லை, நாற்பது பிஸ்டன் போட்டாலும் வண்டி நிற்கும் தூரம் ஒரு முழம்கூடக் குறையாது. கடைசியில் வண்டியை நிறுத்துவது ரோட்டைத் தொடும் ரப்பர்தான்.

அப்படியானால் பெரிய டிஸ்க் எதற்கு என்று கேட்பீர்கள். அது சூட்டைத் தாங்க. திரும்பத் திரும்ப வேகமாகப் போய்த் திரும்பத் திரும்பப் பிடிக்கிற இடத்தில், அதாவது ரேஸ் டிராக்கில், அல்லது நீளமான மலை இறக்கத்தில், கனமான டிஸ்க் மெதுவாகச் சூடாகும், அதனால் கடைசி வரை பிடிக்கும். நம் ஜில்லாவில் மலை ஏது? தேவிபட்டினத்தில் இருந்து சாயல்குடி வரை தரை பலகைபோலக் கிடக்கிறது. பாம்பன் ரோட்டுப் பாலத்தின் ஏற்ற இறக்கம்தான் நமக்கு மலை.

பவர் கூடினால் பிரேக் கூட்ட வேண்டும் என்பதும் பாதிதான் சரி. பிரேக்குக்கு உங்கள் எஞ்சினில் எத்தனை குதிரை என்று தெரியாது. பிரேக் மிதிக்கும்போது என்ன வேகம், எவ்வளவு எடை, இது இரண்டுதான் அதற்குக் கணக்கு. ரீமேப்புக்கு முன்னால் 100இல் போய் மிதித்தாலும், பின்னால் 100இல் போய் மிதித்தாலும் வேலை ஒன்றுதான். ரீமேப் போட்டபின் அதே இடத்துக்கு 120இல் வந்து சேர்கிறீர்கள் என்றால் அது வேறு கதை, அங்கே சக்தி 44 சதவீதம் கூடிவிடுகிறது.

இனி நீங்கள் சொன்ன அறிகுறிகளுக்கு வருகிறேன், ஏனென்றால் அதெல்லாம் டிஸ்க் சின்னது என்பதன் அறிகுறியே இல்லை. பெடல் ஆழமாக இறங்குகிறது என்கிறீர்கள். பிரேக் ஆயிலை எப்போது மாற்றினார்கள் என்று தெரியுமா? பழைய ஓனர் மாற்றியிருக்க மாட்டார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது, நம் கடற்கரைக் காற்றில் ஈரத்துக்கு என்ன பஞ்சம். டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் 155 வரைதான் உத்தரவாதம். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழி, குமிழி அமுங்கும், ஆயில் அமுங்காது, பெடல் கீழே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். டாட் 5.1 போட்டால் 260, 180 என்று இன்னும் கொஞ்சம் மேலே, டாட் 4 இருந்த இடத்தில் அதைத் தாராளமாக ஊற்றலாம். ஆனால் வெறும் டாட் 5 என்று ஒன்று இருக்கிறது, அது சிலிக்கான், உங்கள் வண்டிக்கு ஆகாது, எண்ணைப் பார்த்து ஏமாந்து வாங்கிவிடாதீர்கள்.

இன்னொன்று, நான்கு பிஸ்டன் காலிப்பரில் பிஸ்டன் பரப்பு கூடுதலாக இருந்தால், பெடலோடு இணைந்த பழைய மாஸ்டர் சிலிண்டரே அதற்கும் ஆயில் தள்ள வேண்டும், பெடல் இன்னும் ஆழமாகத்தான் இறங்கும். நீங்கள் எதற்காக வருத்தப்படுகிறீர்களோ அதையே காசு கொடுத்து வாங்குகிற மாதிரி ஆகிவிடும்.

ஸ்டீயரிங் நடுக்கம்: எல்லாரும் டிஸ்க் வளைந்துவிட்டது என்பார்கள். பெரும்பாலும் வளைவதில்லை. டிஸ்க்கின் கனம் ஒரு இடத்தில் ஒரு மாதிரி, இன்னொரு இடத்தில் இன்னொரு மாதிரி ஆகிவிடும், அல்லது பேடு பொருள் ஒரு இடத்தில் மட்டும் திட்டாக ஒட்டிவிடும். வேகமாக வந்து சுடச்சுட நின்று, நின்ற இடத்தில் பெடலை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் இது வரும். கடலோரத்தில் இன்னொரு காரணமும் உண்டு, நாள்கணக்கில் நிறுத்திவைத்த வண்டியில் பேடு தொட்டுக்கொண்டிருந்த இடம் தவிர மற்ற இடமெல்லாம் துரு தின்றிருக்கும். டிஸ்க்கில் குறைந்தபட்சக் கனம் எவ்வளவு என்று கம்பெனியே பொறித்திருப்பார்கள், மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்து, அதற்குக் கீழே போயிருந்தால் கடைசல் பிடிக்காமல் மாற்றிவிடுங்கள். காலைக் கரகரப்பு இரவில் பூத்த துரு, டிஸ்க் வெறும் வார்ப்பிரும்பு, உப்புக்காற்றில் ஒரே இரவில் சிவந்துவிடும். அது ஒன்றுமில்லை.

எனக்கு உண்மையான சந்தேகம் கைடு பின் மேல்தான். உங்கள் வண்டியில் காலிப்பர் அந்தப் பின்னில் வழுக்கிக்கொண்டு நகர வேண்டும். ரப்பர் உறை கிழிந்து உப்புத்தண்ணீர் உள்ளே போனால் பின் இறுகிவிடும், உள்பக்கப் பேடு மட்டும் தேயும், வெளிப்பக்கப் பேடு புதிதுபோல இருக்கும், வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். இந்தக் கரையோரம் வருகிற வண்டிகளில் பத்துக்கு ஏழில் நான் பார்ப்பது இதுதான். சிலிக்கான் கிரீஸ் போட வேண்டும், வீல் பேரிங்குக்குப் போடுகிற சாதா கிரீஸைத் தடவினால் ரப்பர் உப்பி இன்னும் கெட்டியாகிவிடும்.


உச்சிப்புளி_டர்போ:

அண்ணே, ரொம்ப நன்றி, இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. பட்டணம்காத்தான் பக்கம் புறவழிச் சாலையில் விடியற்காலையில் போய் மிதித்துப் பார்த்தேன். ஏபிஎஸ் அடிக்கிறது, உடனே அடிக்கிறது, வண்டி கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்து நிற்கிறது. டயரைப் பார்த்தேன், கட்டை (ரோட்டைத் தொடும் வரிப்பகுதி) நிறைய இருக்கிறது, ஆனால் பக்கவாட்டில் கடைசி நாலு எண் 2318. இது எதைக் குறிக்கிறது? பிரேக் ஆயில் டப்பாவில் நிறம் டீ டிகாஷன் மாதிரி இருக்கிறது.


பாரதிநகர்_பட்டறை:

2018ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்த டயர். கட்டை இருந்து என்ன செய்ய, ரப்பர் வெயிலில் காய்ந்து இறுகியிருக்கும். ஏபிஎஸ் உடனே அடிக்கிறது என்பதற்கு அதுதான் காரணம். உங்கள் 70 ஆயிரத்தில் முதல் பங்கு நாலு டயருக்கு. ஒரு பக்கம் சாய்வதற்கு நான் சொன்ன கைடு பின்னைப் பாருங்கள்.


மண்டபம்_டூரிஸ்ட்வண்டி:

நான் ஹாட் ஹேட்ச் ஓட்டுகிறவன் இல்லை, ராமேஸ்வரம் பயணிகளை ஏற்றி இறக்குகிறவன், ஆனால் பிரேக் எல்லா வண்டிக்கும் பிரேக்தான் என்பதால் சொல்கிறேன். தனுஷ்கோடி ரோட்டில், முகுந்தராயர் சத்திரம் தாண்டி அரிச்சல்முனை வரைக்கும், கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் மணல் ரோட்டின் மேல் ஓடிக்கொண்டே இருக்கும். கண்ணுக்கு மெல்லிய திரைதான், ஆனால் அதன்மேல் பிரேக் பிடித்தால் ஏபிஎஸ் கடகட என்கும், வண்டி போய்க்கொண்டே இருக்கும். மணல் கனமாகச் சேர்ந்த இடத்தில் ஏபிஎஸ் இல்லாத வண்டி சக்கரம் பூட்டி மணலை முன்னால் குவித்தாவது நிற்கும், ஏபிஎஸ் வண்டி அந்தக் குவியலைச் சேரவிடாது, அதனால் நிற்கிற தூரம் கூடும். ஸ்டீயரிங் கையில் இருக்கும் என்பதுதான் லாபம். ஆகையால் அந்த ரோட்டில் எந்த பிரேக் போட்டாலும் வேகம் குறைவாகத்தான் போக வேண்டும், ஏதோ ரோடு காலியாக நேராக இருக்கிறது என்று அங்கே போய் ரீமேப்பைச் சோதிக்காதீர்கள் தம்பி, இரண்டு பக்கமும் கடல், தடுப்புக் கல்லைத் தாண்டினால் மணலும் பாறையும்தான்.

இன்னொரு ஆபத்தை யாரும் சொல்லவில்லை. மீன் வண்டி. ஐஸ் உருகிய உப்புத்தண்ணீரும் மீன் கொழுப்பும் சேர்ந்து ரோட்டில் ஒரு கோடாக ஒழுகிக்கொண்டே போகும், வளைவிலும் ஸ்பீட் பிரேக்கர் முன்னாலும் அதிகமாகக் கொட்டும், அதாவது நாம் பிரேக் பிடிக்கிற அதே இடத்தில். விடியற்காலையில் மீன் வண்டிக்குப் பின்னால் ஒட்டிப் போகவே கூடாது. அறுவடை சமயத்தில் ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் ரோட்டில் நெல் காயும், முதுகுளத்தூர் பக்கம் மிளகாய் காயும், இதற்கெல்லாம் எந்தக் காலிப்பர் என்ன செய்யும்.

பாம்பன் பாலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025இல் புது ரயில் பாலம் திறந்ததில் இருந்து வேடிக்கை பார்க்கிறவர்கள் இன்னும் கூடிவிட்டார்கள். ரயில் வந்தால் முன்னால் போகிற வண்டி இண்டிகேட்டர்கூடப் போடாமல் நடுப்பாலத்தில் நிற்கும். இடைவெளி விட்டே போங்கள்.

தனுஷ்கோடி போய் வந்தால் நான் செய்வது: வீட்டுக்கு வந்ததும் டிஸ்க் சூடு ஆறவிட்டு, நல்ல தண்ணீரில் சக்கரத்தின் உள்பக்கம், காலிப்பர், அடிப்பக்கம் எல்லாம் கழுவிவிட்டு, தெருவில் ஒரு சுற்றுப் போய் நாலு முறை பிரேக் பிடித்துக் காயவைத்துவிட்டுத்தான் நிறுத்துவேன். சூடான டிஸ்க்கில் தண்ணீர் அடிக்கக் கூடாது. நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போட மாட்டேன், கியரில் விட்டு சக்கரத்துக்குக் கட்டை வைப்பேன், ஏனென்றால் ஈரத்தோடு ஹேண்ட் பிரேக் போட்டு நாலைந்து நாள் விட்டால் லைனர் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். உங்களுடையது ஆட்டோமேட்டிக் என்றால் ‘பி’யில் போட்டுக் கட்டை வையுங்கள்.


கீழக்கரை_ஹாட்ஹேட்ச்:

எல்லாரும் சேர்ந்து பையனைப் பயமுறுத்திவிட்டீர்கள். சரி, டயர், ஆயில் எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பின் டிஸ்க் விஷயத்துக்குப் பதில் வரவில்லையே? அப்புறம் அவன் நாளைக்கே கோயம்புத்தூர் கரி ரேஸ் டிராக்குக்குப் போனால்? கொடைக்கானல் போனால்? எப்போதும் உச்சிப்புளியிலேயேவா சுற்றிக்கொண்டிருப்பான்?


பரமக்குடி_டீச்சர்:

நியாயமான கேள்வி. பிசிக்ஸ் டீச்சர் என்பதால் கணக்குப் போட்டே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி ஆளோடு 1,200 கிலோ என்று வைப்போம். 100 கிமீ வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் சுமார் 460 கிலோஜூல். நிற்கும்போது இது முழுக்க வெப்பமாக மாறியாக வேண்டும். பிரேக் பிடித்தால் எடை முன்னால் சாய்வதால் முக்கால் பங்கு வேலையை முன் சக்கரங்களே செய்கின்றன. ஒரு முன் டிஸ்க் 6 கிலோ என்று எடுத்தால், ஒரு முழு பிரேக்குக்கு அது ஏறத்தாழ 60 டிகிரி சூடாகும். சமதரையில் எப்போதாவது ஒருமுறை ஆட்டுக்காகப் பிடிப்பதற்கு இது ஒரு சூடே இல்லை.

கொடைக்கானல் இறக்கம் வேறு. மேலே இருந்து வத்தலக்குண்டு வரை கிட்டத்தட்ட 1,800 மீட்டர் இறங்குகிறீர்கள். அதே வண்டிக்கு அது 21 மெகாஜூல், அதாவது 100இல் இருந்து முழுசாக நிறுத்துவதை 45 தடவை செய்கிற ஆற்றல். காற்றும் டயரும் கொஞ்சம் தின்னும், மீதியை பிரேக் தின்னுமா எஞ்சின் தின்னுமா என்பது உங்கள் கையில் இருக்கிறது. டிஎஸ்ஜியை மேனுவலில் போட்டு 2, 3ஆம் கியரில் இறங்கினால், பெரிய டிஸ்க் செய்வதைவிட அதிக வேலையை எஞ்சினே செய்யும். தானாக விட்டால் பெட்ரோல் மிச்சப்படுத்த மேல் கியருக்குப் போய்விடும், முழுச் சுமையும் பேடு மேல் விழும். இறங்கும்போது நாற்றம் வந்தாலோ, பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி பிடிக்காவிட்டாலோ அது பேடு சூடேறித் தளர்வது. பெடலே மெத்தையாகக் கீழே போனால் அது ஆயில் கொதிப்பது. இந்த இரண்டையும் பிரித்துத் தெரிந்துகொண்டால் எதை மாற்ற வேண்டும் என்று யாரையும் கேட்க வேண்டாம்.

டிராக் என்றால் கீழக்கரைத் தம்பி சொல்வதில் உண்மை உண்டு, ஆனால் அங்கேயும் முதலில் அதிக சூடு தாங்கும் பேடும் புது ஆயிலும்தான், அது போதாமல் போனால்தான் டிஸ்க் அளவு. அந்த டிராக் பேடை ஊரில் போட்டுக்கொண்டு சுற்றுவதும் சரியில்லை, அது சூடானால்தான் நன்றாகப் பிடிக்கும், காலையில் முதல் ஸ்பீட் பிரேக்கரில் சாதா பேடைவிட மோசமாக இருக்கும். பேடு ஓரத்தில் எஃப்எஃப், ஜிஜி என்று இரண்டு எழுத்து அச்சடித்திருக்கும், முதல் எழுத்து சாதாரண சூட்டில் உராய்வு, இரண்டாவது அதிக சூட்டில். எஃப் என்றால் உராய்வுக் குணகம் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. தெருவுக்கு எஃப்எஃப் தாராளம்.

பின் டிஸ்க்: டிரம்முக்குத் தானே இழுத்து இறுக்கிக்கொள்ளும் குணம் உண்டு, டிஸ்க்குக்கு இல்லை. உங்கள் வண்டியின் ஏபிஎஸ் பின்பக்க அழுத்தத்தைப் பங்கிடுவது டிரம்மை மனதில் வைத்து. டிஸ்க் மாட்டினால் அந்தப் பங்கீடு குலையும், பின் சக்கரம் முன்னதாகப் பூட்டினால் வண்டி பம்பரமாகச் சுற்றும். அபார்த்திலும் ஐ20 என் லைனிலும் கம்பெனியே முதலில் இருந்து அப்படி வடிவமைத்தது, அது வேறு. அதோடு இந்த உப்புக்காற்றுக்கு மூடிய டிரம்தான் பாதுகாப்பு. ஃபோக்ஸ்வாகனே தன் மின்சார வண்டி ஐடி.4இல் பின்னால் டிரம்தான் வைத்திருக்கிறது, மோட்டாரே பெரும்பாலும் வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக் அதிகம் வேலை செய்வதில்லை, வேலை செய்யாத டிஸ்க் துருப்பிடிக்கும் என்பதால். நம் வண்டிகளிலும் பின் பிரேக் பாதி நேரம் சும்மாதான் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவையும் ஒருமுறை பாருங்கள், ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றினால் இன்ஷூரன்ஸ் கேட்கும்போது தலைவலி.

கடைசியாக அந்த ஆடு. 60 மீட்டருக்கு முன்னால் ஆடு வருகிறது, கால் பெடலுக்குப் போக 1 விநாடி ஆகிறது. 100இல் போனால் அந்த ஒரு விநாடியிலேயே 28 மீட்டர் போய்விட்டது, மீதி 32. நல்ல டயரோடு முழு பிரேக் பிடித்தாலும் நிற்க 44 மீட்டர் வேண்டும், ஆட்டை அடிக்கும்போது வண்டி இன்னும் சுமார் 52 கிமீ வேகத்தில் இருக்கும். பிரேக்கும் டயரும் 10 சதவீதம் மேம்பட்டதாக வைத்தாலும் 44 கிமீ வேகத்தில் அடிப்பீர்கள். அதே இடத்தில் 80இல் வந்திருந்தால், 22 மீட்டர் யோசிக்க, 28 மீட்டர் நிற்க, ஆட்டுக்கு 10 மீட்டர் முன்னாலேயே நின்றிருப்பீர்கள்.


கீழக்கரை_ஹாட்ஹேட்ச்:

டீச்சர் அக்கா, வாயடைத்துவிட்டேன். சிவப்புப் பெயின்ட் மட்டுமாவது காலிப்பருக்கு அடிக்க விடுங்கள், அதற்கு எந்தப் பிரிவும் இருக்காதே.


உச்சிப்புளி_டர்போ:

பிரித்துப் பார்த்தாயிற்று. வலது முன் காலிப்பரில் கீழ்க் கைடு பின் அசையவே இல்லை, தட்டித்தான் எடுத்தார்கள், அந்தப் பக்கம் உள் பேடு கிட்டத்தட்ட தகடு வரை தேய்ந்திருக்கிறது, வெளிப் பேடு பாதிக்கு மேல் இருக்கிறது. பட்டறை அண்ணன் சொன்னதேதான். இடது பக்கம் மட்டும் முழுசாகப் பிடித்ததால் வண்டி அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. டிஸ்க் இரண்டும் குறைந்தபட்சக் கனத்துக்குக் கீழே. எனவே கம்பெனி அளவிலேயே புது டிஸ்க், புது பேடு, கைடு பின், ரப்பர் உறை, ஆயில், நாலு டயர் என்று முடிவு செய்துவிட்டேன், நான்கு பிஸ்டன் இப்போதைக்கு இல்லை.

மூன்று சந்தேகம். ஓட்டை போட்ட டிஸ்க் வேண்டுமா வேண்டாமா? ஸ்டீல் பின்னல் போட்ட பிரேக் ஹோஸ் மாற்றலாமா? புது பேடை எப்படிப் பழக்குவது?


பாரதிநகர்_பட்டறை:

ஓட்டை டிஸ்க் வேண்டாம். ஓட்டையைச் சுற்றி விரிசல் விடும், நம் ஊரில் அந்த ஓட்டைக்குள் மணலும் உப்பும் உட்கார்ந்து பேடைத் தின்னும். ஓரத்திலும் நடுத்தொப்பியிலும் சாம்பல் நிறத்தில் துருத்தடுப்புப் பூச்சு உள்ள டிஸ்க்காகக் கேட்டு வாங்குங்கள். பூச்சு பேடு படுகிற இடத்தில் தானாகத் தேய்ந்துவிடும், மற்ற இடத்தில் நிற்கும். மாட்டுவதற்கு முன் ஹப் முகத்தில் இருக்கிற துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தமாகத் தேய்க்கச் சொல்லுங்கள், அங்கே ஒரு செதில் துரு இருந்தால்கூடப் புது டிஸ்க் கோணலாக உட்காரும், நடுக்கம் திரும்ப வரும். இதை நிறைய இடத்தில் செய்வதில்லை, பக்கத்தில் நின்று பாருங்கள்.

பின்னல் ஹோஸ் பெடலைக் கொஞ்சம் கெட்டியாக்கும், தூரத்தைக் குறைக்காது. போடுவதானால் மேலே பிளாஸ்டிக் உறை உள்ளதாகப் போடுங்கள், இல்லாவிட்டால் உப்பு உள்ளே இறங்கும். அதைவிட முக்கியம், வண்டியை லிஃப்டில் ஏற்றும்போது அடியில் பின் சக்கரத்துக்குப் போகும் இரும்பு பிரேக் குழாயை டார்ச் அடித்துப் பாருங்கள், கிளிப் பிடித்திருக்கும் இடங்களில்தான் முதலில் அரிக்கும். மேல்பூச்சு உப்பிச் செதில் செதிலாக வந்தால் மாற்றிவிடுங்கள், அது வெடித்தால் அந்தச் சர்க்யூட் முழுக்கப் போய்விடும். பின் டிரம்மையும் கழற்றி, தானாக இறுக்கும் அட்ஜஸ்டர் அசைகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், அது துருவில் நின்றுபோனால் ஷூ தேயத் தேய இடைவெளி கூடும், பெடல் ஆழத்தில் பாதி அங்கே இருந்துதான் வரும்.

பேடு பழக்குவதற்கு: காலி ரோட்டில் 60இல் இருந்து 15, 20 வரை நிதானமான அழுத்தத்தில் குறையுங்கள், ஏபிஎஸ் அடிக்கக் கூடாது, முழுசாக நிற்கவும் கூடாது. உடனே வேகம் எடுத்துத் திரும்ப. எட்டு பத்து முறை. லேசாக நாற்றம் வரும், வரட்டும். அப்புறம் பிரேக்கைத் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆறவிடுங்கள். சூட்டோடு சிக்னலில் நின்று பெடலை அழுத்திப் பிடிக்காதீர்கள். ஆகவே டவுனுக்குள் வேண்டாம், உச்சிப்புளியில் இருந்து மண்டபம் போகிற பக்கம் விடியற்காலையில் செய்யுங்கள், மீன் வண்டி கிளம்புவதற்கு முன்னால்.

காலிப்பர் பெயின்ட் அடிக்கலாம், சூடு தாங்குகிற பெயின்டாக இருக்க வேண்டும், கைடு பின்னுக்கும் பிஸ்டன் ரப்பருக்கும் படாமல் டேப் ஒட்டிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.